உழைத்தும் வறுமையிலிருந்து ஏன் மீள முடிவதில்லை? படிப்பு அங்கே என்ன செய்யும்?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகன் போன மாதம் ஊருக்கு வந்திருந்தான். வரும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து செங்கல் சூளைகளைப் பார்த்திருக்கிறான். இரவு சாப்பிட்டு முடித்ததும் கேட்டான்: “மாமா, சூளையில வேலை செய்றவங்க நடுராத்திரியே எழுந்து கல் அறுக்கிறாங்கன்னு சொல்றீங்க. அவ்வளவு உழைச்சும் ஏன் அவங்க பிள்ளைங்களும் அதே சூளைக்கு வர்றாங்க? படிச்சா மாறும்னு முப்பது வருஷமா சொல்லிட்டு இருக்கீங்க. எங்க தெருவுல பி.இ. முடிச்சவன் பைக்ல சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துட்டு இருக்கானே?”

அன்று அவனிடம் பாதிதான் சொன்னேன். தூக்கம் வந்துவிட்டது அவனுக்கு. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே உள்ள கிராமங்களில் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியர். எனக்குத் தெரிந்த வறுமை அந்த ஊர்களின் வறுமை. அதை வைத்துத்தான் பேச முடியும்.

நான் இருந்த பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே பாதி விஷயம் விளங்கிவிடும். டிசம்பர் வரை ஒரு வகுப்பில் 28 பிள்ளைகள். பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தால் 17. மற்றவர்கள் அப்பா அம்மாவோடு சூளைக்கோ, கரும்பு வெட்டவோ, சவுக்கு வெட்டவோ போயிருப்பார்கள். திரும்பி வர ஆனி, ஆடி ஆகும். அதற்குள் ஆண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறை முடிந்து, அடுத்த வகுப்புக்குப் பாடம் தொடங்கியிருக்கும். போகும்போது நான்காம் வகுப்பு, வரும்போது ஐந்தாம் வகுப்பு. நடுவே ஆறு மாதம் களத்துமேட்டில் கழிந்திருக்கும்.

இந்தக் கதை தையில் தொடங்குவதில்லை, ஐப்பசியிலேயே தொடங்கிவிடுகிறது. அடைமழைக் காலத்தில் கூலி வேலை நின்றுபோகும். சூளைகளும் மூடியிருக்கும். அப்போதுதான் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஊருக்குள் வருவார். கையில் நோட்டு, பையில் பணம். மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடத்திய கடன் ஒரு வீட்டில், கூரை ஒழுகுவது இன்னொரு வீட்டில், வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கிய கைமாற்று மூன்றாவது வீட்டில். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். கணவன், மனைவி இருவரையும் சேர்த்து ஒரு ஜோடி என்று கணக்குப் போட்டு முன்பணம் கொடுப்பார். அந்த நிமிடத்தில் அந்தக் குடும்பம் அடுத்த ஆறு மாதத்தை விற்றுவிடுகிறது. சம்பளம் எவ்வளவு, எங்கே வேலை, யாரிடம் வேலை என்று பேசும் இடத்திலேயே அவர்கள் இனி இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது ஏன் விடாது என்று புரியும். தொகை சூளைக்குச் சூளை மாறும். அதனால் இங்கே நான் சொல்வது கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

முன்பணம் 60,000 ரூபாய். ஆயிரம் கல் அறுத்தால் கூலி 800. ஒரு ஜோடி ஒரு நாளைக்கு ஆயிரம் கல் அறுக்கிறது. ஆறு மாதத்தில் மழை, காய்ச்சல், மண் வராத நாள் எல்லாம் போக நூறு நாள் வேலை நடந்தது என்றால் ஒரு லட்சம் கல். ஆனால் உடைசல், மழையில் கரைந்தது என்று கழித்து, 1,100 கல்லை ஆயிரமாக எண்ணுகிற வழக்கம் இருந்தால் கணக்கில் ஏறுவது சுமார் 90 ஆயிரம்தான். கூலி 72,000. இதில் வாரம் 1,500 ரூபாய் சாப்பாட்டுப் படி வாங்கியிருப்பார்கள். 24 வாரத்துக்கு 36,000. மிச்சம் 36,000. முன்பணத்தில் அதைக் கழித்தால் இன்னும் 24,000 பாக்கி. ஆறு மாதம் இடுப்பொடிய வேலை செய்துவிட்டு, வெறுங்கையோடு, 24,000 கடனோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஐப்பசியில் மேஸ்திரி வரும்போது புதிய கணக்கின் முதல் வரி அந்த 24,000.

இப்போது அதே கணக்கில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை கல் அறுக்க வேண்டாம். காயும் கல்லைப் புரட்டிப் போடட்டும், மணல் தூவட்டும், கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டட்டும். அப்பாவும் அம்மாவும் நடுவில் எழுந்திருக்காமல் வேலை செய்யலாம். ஆயிரம் கல் 1,300 ஆகும். நூறு நாளைக்கு 1,30,000. கழிவு போகக் கணக்கில் ஏறுவது 118 ஆயிரம். கூலி 94,400. படி போக 58,400. பாக்கி 1,600 ரூபாய்.

24,000 ரூபாய்க் கடனுக்கும் 1,600 ரூபாய்க் கடனுக்கும் நடுவே நிற்பது ஒரு குழந்தையின் கை. “பிள்ளையை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை? படிப்பின் அருமை தெரியாதா?” என்று நானும் இளம் வாத்தியாராக இருந்தபோது பெற்றோரைக் கேட்டிருக்கிறேன். ஒரு தாய் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அருமை தெரிந்திருந்தது. அதன் விலையும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அந்த விலை தெரியவில்லை. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்திருந்தாலே அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் சட்டப்படி செல்லாது, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விடுதலைச் சான்று தருவார். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. 2016-ல் திருத்தியமைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மூன்று லட்சம். ஆனால் அந்தப் பெரிய தொகை குற்றம் நிரூபணமாகித் தண்டனை வருவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஐப்பசி மழை அதுவரை காத்திருக்காது. மீட்கப்பட்ட குடும்பம் இன்னொரு மேஸ்திரியிடம் கை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் வங்கிக்குப் போகக்கூடாது? அடமானத்துக்கு நிலம் இல்லை, நகை இல்லை, ஆண்டில் பாதி நாள் ஊரில் இல்லை. அவர்களுக்குக் கடன் தரத் துணிவது தண்டல்காரர்தான். பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயை முதலிலேயே எடுத்துக்கொண்டு 8,500 கையில் தருவார். தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆண்டு வட்டியாக மாற்றிப் பாருங்கள், நூறு சதவீதத்தையும் தாண்டிப் போகும். என்னைப் போல் மாதச் சம்பளம் வாங்கியவன் வங்கியில் நகையை வைத்தால் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி. பணம் இல்லாதவருக்குத்தான் பணம் இவ்வளவு விலைக்கு விற்கப்படுகிறது. அதிக வட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்ற சொற்கள் சந்தையில் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

பலரும் சொல்வது, அவர்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை, கையில் வந்ததைச் செலவழித்துவிடுகிறார்கள் என்று. இதற்குப் பதில் எங்கள் வட்டாரத்திலிருந்தே வந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலான ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். ஆய்வு 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டிய பிறகுதான் வரும். வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும், பின் கொஞ்சம் நிமிரும். வெட்டுக்கு முன் அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின் 4 சதவீதம். இரண்டு காலத்திலும் அதே ஆட்களுக்கு அதே வகையான யோசனைப் பரிசோதனைகளைக் கொடுத்தார்கள். பணமுடை இருந்த நாளில் அதே மனிதர் மெதுவாகவும் அதிகத் தவறோடும் செய்தார். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். அறிவு ஒன்றுதான். ஆனால் நாளைக்கு யாருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அதில் பாதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த ஆய்வைப் படித்த அன்று என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் சிலரை மந்தம் என்று மதிப்பெண் பட்டியலில் எழுதியிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது.

கடனுக்கு முன்னால் நிலம் இருக்கிறது, நிலத்துக்கு முன்னால் சாதி இருக்கிறது. இதைச் சொல்லாமல் வறுமையைப் பேசினால் அது பாதிப் பேச்சு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-லேயே அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். கையில் நிலம் இல்லாததே அடிமைத்தனத்தின் வேர் என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டு அரசாணை வந்து, சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலமாக ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பின்னாளில் வேறு கைகளுக்குப் போய்விட்டது. அது அப்படியே நிலைத்திருந்தால் இன்று சூளைக்குப் போகும் எத்தனையோ குடும்பங்களுக்கு ஐப்பசியில் அடகு வைக்கவாவது ஒரு துண்டு நிலம் இருந்திருக்கும். படிப்பு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நிலம் பறிபோனதைப் பாடப்புத்தகம் ஈடுகட்டிவிடாது.

இனி படிப்புக்கு வருகிறேன்.

படிப்பு வறுமையைக் குறைத்திருக்கிறதா என்றால், தமிழ்நாட்டில் குறைத்திருக்கிறது. கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் வெறும் பள்ளிக்கூடம் மட்டும் அதைச் செய்யவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் குடும்பத்துக்கு ஏற்படும் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இங்கே பதில் தேடினார்கள். காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது, பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதோடு, வீட்டில் ஒரு வேளைச் சோறு மிச்சம் என்ற கணக்கும் அதில் இருந்தது. எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. காலை உணவைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விடியுமுன் களை எடுக்கப் போகும் அம்மா சோறாக்கிவைத்துவிட்டுப் போக முடியாது. எட்டு மணிக்கே பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது என்றால் பிள்ளை தானாக வந்து நிற்கும். முதல் பாடவேளையில் தலை சுற்றி விழும் குழந்தையை மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்த ஆசிரியர்களைக் கேளுங்கள், காலை உணவின் மதிப்பைச் சொல்வார்கள்.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில், அதாவது உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி மூன்றிலும் உள்ள குறைகளை வைத்துப் போட்ட கணக்கில், தமிழ்நாட்டின் அளவு 2015–16-ல் 4.76 சதவீதமாக இருந்து 2019–21-ல் 2.20 ஆகக் குறைந்தது. நாடு முழுவதற்கும் அது 14.96. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த 2.20-க்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். என் அனுபவத்தில், ஓரிடத்தில் நிலையாக இருப்பவரைத் தேடி எல்லாத் திட்டமும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆண்டில் பாதி நாள் இடம்பெயர்ந்து இருப்பவரைத்தான் அது தவறவிடுகிறது. ரேஷன் கடை ஓர் ஊரில், ஆள் வேறோர் ஊரில். சத்துணவு ஓர் ஊரில், பிள்ளை வேறோர் ஊரில்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வயதுக்கேற்ற வகுப்பில் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது. சூளைக்குப் போகும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? “நடுவுல கொண்டுபோனா சேர்க்க மாட்டாங்க சார்” என்றுதான் சொல்வார்கள். சில இடங்களில் உண்மையிலேயே சேர்க்கவும் மாட்டார்கள். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்காக ஒடியா மொழிப் பாடநூல் வரவழைத்து, சூளைக்குப் பக்கத்திலேயே மையம் நடத்திப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முடியாதது என்று எதுவும் இல்லை, மனம் வைத்தால் போதும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

அடுத்த தடை சான்றிதழ். இருளர் பழங்குடிப் பிள்ளை ஒருவன் எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்து வந்தான். நன்றாக வரைவான். தேசிய வருவாய் வழி திறனறித் தேர்வு என்று எட்டாம் வகுப்பில் ஒன்று உண்டு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். எழுதினான், தேறவில்லை. சரி, பழங்குடியினர் உதவித்தொகை இருக்கிறதே என்றால் சாதிச் சான்று வேண்டும். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். அப்பாவுக்குச் சான்று இல்லை, தாத்தாவுக்கு நிச்சயமாக இல்லை. “ரத்த உறவில் யாருக்காவது இருக்கிறதா?” என்று கேட்டுக் கேட்டுக் கோப்பு திரும்பி வந்துகொண்டே இருந்தது. எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்தவர்களிடம் மூன்று தலைமுறைக் காகிதம் கேட்டால் எங்கே போவார்கள்? ஒவ்வொரு நடைக்கும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. இரண்டு வருடம் கழித்துச் சான்று கையில் கிடைத்தபோது பையன் போர்வெல் வண்டியில் ஏறி வடக்கே போயிருந்தான். இப்போதும் எங்கேயோ கர்நாடகத்தில்தான் இருக்கிறான். இதில் படிப்பின் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவன் படிக்கத் தயாராகத்தான் இருந்தான்.

பள்ளியில் உட்கார்ந்திருப்பது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாத இடைவெளியோடு ஐந்தாம் வகுப்புக்கு வருபவனை ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் உட்காரவைப்பதால் அவன் கற்பது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு எதுவும் வராது என்பது. நாங்கள் கடைசி ஆண்டுகளில் வேறு மாதிரி செய்து பார்த்தோம். ஆடியில் திரும்பி வரும் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் எழுத்து தெரிந்தவர், சொல் படிப்பவர், வரி படிப்பவர் என்று மூன்றாகப் பிரித்து, தினம் ஒன்றரை மணி நேரம் வாசிப்பு மட்டும். இரண்டரை மாதத்தில் பெரும்பாலானோர் வரிக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் மந்தம் இல்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து யாரும் அதுவரை தொடங்கவில்லை, அவ்வளவுதான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ல் வந்து, ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது.

அப்படி வாசிக்கக் கற்ற ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். சூளையில் கணக்கு முடிக்கும் நாளில் மேஸ்திரியின் நோட்டை இந்தப் பெண் எட்டிப் பார்த்திருக்கிறாள். மாசி மாதம் ஒரே வாரத்துக்கு இரண்டு தடவை படி வாங்கியதாக எழுதியிருந்ததாம். “அண்ணே, இது ரெண்டு வாட்டி இருக்கே” என்று கேட்டிருக்கிறாள். ஆயிரத்து ஐநூறு ரூபாய் கணக்கில் திரும்பியது. அம்மா சொன்னார்: “சார், ரூபாய் பெருசில்ல. அன்னையிலேர்ந்து எங்க பேரு வந்தா அந்தாளு நோட்டைத் திருப்பிக் காட்டிட்டுத்தான் எழுதறாரு.” கல்வியின் பயன் என்று பெரிய கூட்டங்களில் எவ்வளவோ பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு நினைவில் நிற்பது இந்த ஒரு வரிதான். சம்பளம் வாங்கும் வேலைக்குப் போவதற்கு வெகு முன்பே வாசிப்பு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளுக்குப் போவது வழக்கமாக இருந்தது. மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அங்கேயும் வருங்காலத்தை முன்கூட்டியே விற்பதுதான் நடந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் வந்த திருமண உதவித் திட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது: குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி. அந்த ஒரு நிபந்தனைக்காகவே பெண்ணைப் பள்ளியில் வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். 2022-ல் அந்தத் திட்டம் ‘புதுமைப் பெண்’ ஆக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்கு என்று ஆனது. ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும்தான் ஆகும் என்பார்கள். ஆகட்டும். பஸ் காசு இல்லை என்பதற்காகவே கல்லூரியை நிறுத்திய பெண்களின் பெயரை நான் வரிசையாகச் சொல்வேன்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிப்பே புதிய கடனாகிற ஆபத்து இப்போது வளர்ந்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையை வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு அனுப்ப, சூளை முன்பணத்தில் பத்தாயிரம் கூடுதலாகக் கேட்டு வாங்கிய தகப்பனைப் பார்த்தேன். மகன் மேல் வைத்த ஆசையால் செய்தது. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பத்தாயிரத்தை அடைக்கப் போவது அதே மகனின் அண்ணன், சூளையில். பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டு வேளைச் சாப்பாடும் புத்தகமும் சீருடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதோடு இன்னொன்றையும் யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்குத்தான் அது. கடன் வாங்கித் தனியார் பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கவைப்பவர் அந்த வாசலையும் தானே அடைத்துக்கொள்கிறார்.

சரி, தங்கை மகனின் இரண்டாவது கேள்வி. பி.இ. முடித்தவன் சாப்பாடு கொண்டுபோகிறான் என்பது உண்மை. 2021–22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுச் சராசரி 28.4. இவ்வளவு பேர் படித்து வெளியே வரும்போது அதற்கேற்ற வேலை பெருகவில்லை. இதற்கு மாணவரைக் குற்றம் சொல்லக்கூடாது. முதல் தலைமுறையாகப் படிப்பவருக்கு எந்தக் கல்லூரி நல்லது, எந்தப் பாடம் எடுக்கலாம், எங்கே விண்ணப்பம் போடுவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சித்தப்பா கம்பெனியில் சொல்லிவைக்க வழியில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டுச் சாதியை ஊகித்து வேலையையும் வாடகை வீட்டையும் மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பையனையும் சூளையிலிருக்கும் அவன் வயதுப் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இவனுக்கு வேலை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே விடலாம். வண்டிக்குத் தவணை இருக்கலாம். ஆனால் அவன் மனைவியையும் தங்கையையும் சேர்த்து எழுதிக்கொண்ட நோட்டு எவரிடமும் இல்லை. அவன் மாலையில் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்க முடியும். வேலை கொடுக்க வேண்டிய கடமையிலிருந்து அரசையோ தொழில்துறையையோ விடுவிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. படிப்பு கொடுத்தது இவ்வளவு, கொடுக்காதது இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் கேட்பது தை முதல் ஆனி வரை ஊரிலேயே பிள்ளைகள் தங்க ஒரு விடுதி. பெரியது வேண்டாம். பள்ளிக் கட்டடமே போதும். இரவுச் சாப்பாடு, ஒரு காவலாள், பெண் பிள்ளைகளுக்கு ஊர் அம்மாக்களில் ஒருவர் துணை. பெற்றோர் போகட்டும், பிள்ளை இருக்கட்டும். ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் கஸ்தூரிபா காந்தி பள்ளிகளும் இருக்கின்றன. அவை ஆண்டு முழுவதும் சேர்ப்பதற்கானவை, தூரமாகவும் இருக்கின்றன. எட்டு வயதுக் குழந்தையை நாற்பது கிலோமீட்டர் தள்ளி விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. சொந்த ஊரில், தெரிந்த வாத்தியார் கண்ணெதிரில் என்றால் விடுவார். அதோடு, ஐப்பசியில் மேஸ்திரி வரும் முன் ஊர் மகளிர் குழுவிடம் அவசரக் கடனாக ஓர் இருபத்து நாலாயிரம் கிடைக்க வேண்டும். முன்பணம் குறைந்தால் பிள்ளையின் கை தேவைப்படாது. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், 60,000 என்பது 36,000 ஆக இருந்தால் பிள்ளை இல்லாமலே கணக்கு முடிகிறது.

மேஸ்திரியின் நோட்டைப் படித்தாளே, அந்தப் பெண் இப்போது நர்சிங் மூன்றாம் ஆண்டு. அப்பா இந்தத் தையிலும் சூளைக்குப் போனார். முன்பணம் ஓர் ஆளுக்கு மட்டும்தான் வாங்கினார். அம்மா போகவில்லை. தம்பி நான்காம் வகுப்பு. போன மார்ச்சில் பழைய பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனவன், கை சும்மா இருக்காமல் நான்காம் வகுப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பிப்ரவரி மாதம் அவன் பெயருக்கு நேரே இரண்டே நாள்தான் விடுப்பு. பக்கத்தில் ஆசிரியை பென்சிலில் எழுதியிருந்தார்: காய்ச்சல்.